எங்கே பிறந்தாய் என்று கேட்பவர்களுக்கு



கால்பந்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னைவிட அதிகமாக ஆட்டம் பார்ப்பவர்கள். அதனால் யார் எத்தனை கோல் அடித்தார் என்று கணக்குச் சொல்ல நான் வரவில்லை. வெளிநாட்டில் ஆடும் ஓர் இளைஞரின் வாழ்க்கையை வைத்து இரண்டு விஷயங்களைப் பேச நினைக்கிறேன். ஒன்று, பிறப்பு. இன்னொன்று, திறமை.

2024 ஜூலையில் அர்ஜென்டினா அணி கோபா அமெரிக்கா கோப்பையை வென்றது. வென்ற வீரர்கள் பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். என்சோ ஃபெர்னாண்டஸ் அதைத் தன் கைப்பேசி வழியே நேரலையில் காட்டினார். பிரான்ஸ் அணியின் கறுப்பின வீரர்கள் பிரெஞ்சுக்காரர்களே இல்லை, அங்கோலாவிலிருந்து வந்தவர்கள் என்று ஏளனம் செய்யும் பாட்டு அது. உலகமே பார்த்தது. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு புகார் கொடுக்கப்போவதாக அறிவித்தது. ஃபெர்னாண்டஸ் மன்னிப்புக் கேட்டார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த அணியின் கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர் பிரான்சிலேயே பிறந்தவர்கள். எம்பாப்பே பிறந்தது பாரிசில். ஆனால் உண்மையிலேயே அங்கோலாவில் பிறந்த ஒருவரும் அணியில் இருந்தார். எட்வர்டோ கமாவிங்கா. நடுக்கள ஆட்டக்காரர்.

அவர் 2002 நவம்பர் 10 அன்று அங்கோலாவின் கபிண்டா பகுதியில் ஓர் அகதி முகாமில் பிறந்தார். பெற்றோர் காங்கோக்காரர்கள். காங்கோவில் நடந்த போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள். கமாவிங்கா கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரான்சுக்குப் போனது. முதலில் லீல் நகரம், பிறகு பிரித்தானி பகுதியில் ஃபுஜேர் என்ற சிற்றூர்.

இந்த ஃபுஜேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது செருப்புத் தைத்த ஊர். நூறாண்டுகளுக்கு முன் அந்த ஊரே காலணித் தொழிற்சாலைகளை நம்பித்தான் வாழ்ந்தது. 1906-07 குளிர்காலத்தில் முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். தொழிலாளர்கள் பொதுச் சமையல் நடத்திப் பசியாறினார்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவர்களை ரென், பாரிஸ் போன்ற வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்களின் தொழிலாளர் குடும்பங்கள் அவர்களை வைத்துக் காப்பாற்றின. இந்தப் பழைய கதை கமாவிங்காவின் வாழ்க்கைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறர் பிள்ளையை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று தெரிந்த மண் அது.

ஃபுஜேரில் அந்தச் சிறுவன் வீட்டுக்குள்ளேயே பந்தை உதைத்துப் பொருள்களை உடைத்துக்கொண்டிருந்தான். அம்மா கால்பந்துக் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்போது வயது ஏழு. அது பெரிய கழகமல்ல. உள்ளூர்க் கழகம். 2013-இல் வீடு தீப்பிடித்து எரிந்தது. குடும்பத்தின் உடைமைகள் போயின. நீதான் இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப்போகிறாய் என்று அப்பா தன்னிடம் சொன்னதாகப் பின்னாளில் கமாவிங்காவே நினைவுகூர்ந்திருக்கிறார். பத்து வயதுப் பையன் சுமக்கக் கூடிய பாரமா அது? அந்தச் சமயத்தில்தான் ரென் கழகம் தன் பயிற்சிப் பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 டிசம்பரில், பதினாறு வயதில், தொழில்முறை ஒப்பந்தம். 2019 ஏப்ரலில் முதல் ஆட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் பிஎஸ்ஜி அணியை ரென் 2-1 என்று வீழ்த்தியது. வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்தவர் இந்தப் பதினாறு வயதுக்காரர். 2020 செப்டம்பர் 8 அன்று குரோஷியாவுக்கு எதிராகப் பிரான்ஸ் அணியில் இறங்கினார். 1914-க்குப் பிறகு அவ்வளவு இளம் வயதில் அந்தச் சட்டையை அணிந்தவர் எவருமில்லை. அடுத்த மாதமே உக்ரைனுக்கு எதிராகத் தலைக்கு மேல் உதைத்து ஒரு கோல். 2021 ஆகஸ்ட் 31 அன்று ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. 2022-இலும் 2024-இலும் அவர் இருந்த அணி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. முதல் இறுதிப் போட்டியில் மாற்று வீரராகக் கடைசி நிமிடங்களில் இறங்கினார். இரண்டாவதில் தொடக்கத்திலிருந்தே ஆடினார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பலரும் ஒரு முடிவுரை எழுதுவார்கள். "பார்த்தீர்களா, முகாமில் பிறந்தவரே இந்த உயரத்துக்கு வந்துவிட்டார். திறமை இருந்தால் போதும்." இந்தப் பேச்சை நம்மூரில் யார், எதற்காகப் பேசுவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இதுதான். திறமை மட்டும் போதும் என்றால், அவருடைய காலுக்குத் திறமை முகாமிலும் இருந்ததே. அங்கேயே அது ரியல் மாட்ரிட் வரை வளர்ந்திருக்குமா? குடும்பத்துக்குத் தங்க இடம் கிடைத்தது. பள்ளி சேர்த்துக்கொண்டது. ஊர்க் கழகம் மைதானத்தைத் திறந்துவிட்டது. பயிற்சிப் பள்ளி சோறு போட்டு, படிக்கவும் வைத்தது. 2019 நவம்பர் 5 அன்று பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அந்தத் தாள் வரவில்லை என்றால் குரோஷியாவுக்கு எதிரான ஆட்டமே இல்லை. அவரது திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே வயதில், அதே முகாம்களில், அதே கால்களோடு இருந்து பெயர் தெரியாமல் போன பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவர்களுக்குக் குறைந்தது திறமையல்ல.

கால்பந்தின் பணக் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் கணக்கு 12 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழு வயதுப் பையனுக்குக் காலணிக் கயிறு கட்டிவிட்ட கை அந்தக் கணக்கில் வராது.

இனி பிறப்புக்கு வருகிறேன்.

2022 டிசம்பர் 18, கத்தாரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்ஸ் 0-2 என்று பின்தங்கியிருந்தது. 71-ஆவது நிமிடத்தில் கமாவிங்காவை இறக்கினார்கள். அதுவும் நடுக்களத்தில் அல்ல, இடது தற்காப்பு இடத்தில். தனக்குப் பழக்கமில்லாத இடத்தில் நின்று அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் 3-3 என்று முடிந்து, பெனால்டியில் பிரான்ஸ் தோற்றது. கோமானும் சுவாமெனியும் பெனால்டியைத் தவறவிட்டார்கள். இருவரும் பிரான்சில் பிறந்தவர்கள். அன்றிரவே அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கங்களில் குரங்கு என்றும், ஆப்பிரிக்காவுக்குப் போ என்றும் வசைகள் குவிந்தன.

ஆக, பிறந்த இடம் எது என்பதும் இவர்களுக்கு ஒரு பொருட்டல்ல என்று தெரிகிறது. அங்கோலாவில் பிறந்தால் அங்கோலாக்காரன். பாரிசில் பிறந்து பெனால்டியைத் தவறவிட்டாலும் ஆப்பிரிக்காக்காரன். அவர்கள் பார்ப்பது பிறந்த ஊரை அல்ல, பிறந்த தோலை. காங்கோ வம்சாவளியில் வந்த பெல்ஜிய வீரர் லுகாகு இதைத் தன் அனுபவமாகவே 2018-இல் எழுதினார். நன்றாக ஆடினால் செய்தித்தாள்களுக்கு அவர் பெல்ஜிய வீரர். சரியாக ஆடாத நாளில் காங்கோ வம்சாவளி பெல்ஜிய வீரர்.

இதற்கு அரசியலும் உண்டு. 1996-இலேயே தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென், வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பிரான்ஸ் அணி என்று பெயர் வைப்பதாகப் பேசினார். இரண்டே ஆண்டில் அதே அணி உலகக் கோப்பையை வென்றது. அல்ஜீரியப் பெற்றோரின் மகன் ஜிதேன் இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தார். நாடே தெருவில் ஆடியது. இனவெறி தோற்றுவிட்டது என்று எழுதினார்கள். தோற்றதா? 2024 தேர்தலில் லெ பென் வழிவந்த கட்சி ஆட்சியின் வாசல் வரை வந்து நின்றது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை முக்கியமான சில அரசுப் பதவிகளில் அமர்த்தக் கூடாது என்று அப்போது பேசியது. ஐரோப்பியக் கோப்பை ஆட வந்த இடத்தில் எம்பாப்பேவும் துராமும் வாய் திறந்து எதிர்த்தார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்து மரியாதையைச் சம்பாதிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வேறு எதனால் முடியும்? மாட்ரிட்டில் கமாவிங்காவின் சக வீரர் வினிசியஸ். 2023 மே மாதம் வலென்சியா மைதானத்தில் அவரைக் குரங்கு என்று கத்தினார்கள். அவர் கத்தியவர்களைக் கை நீட்டிக் காட்டினார். அடுத்த ஆட்டத்தில் மாட்ரிட் வீரர்கள் எல்லோரும் வினிசியஸின் பெயரும் எண்ணும் போட்ட சட்டையோடு களத்துக்குள் வந்தார்கள். ஓராண்டு கழித்து மூன்று பேருக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை. கால்பந்து மைதானத்தில் இனவெறிக்காக ஸ்பெயின் நீதிமன்றம் தண்டித்தது அதுவே முதல் முறை. வினிசியஸ் அதற்கு முன்பும் ஏராளமான கோல்கள் அடித்தவர்தான். கோல்கள் அந்தத் தீர்ப்பைக் கொண்டுவரவில்லை. விரல் நீட்டிக் காட்டியதும், கூட நின்றதும், சட்டமும் சேர்ந்து கொண்டுவந்தன.

தோழர்களே, கமாவிங்காவின் ஆட்டம் எனக்குப் பிடிக்கும். எதிராளியின் காலிலிருந்து பந்தை எடுத்து, இடம் கிடைத்த தோழனுக்கு உடனே கொடுத்துவிடுவார். உங்களுக்கும் பிடித்தால் ரசியுங்கள். ஆனால் அவருடைய கதையைச் சொல்லி, திறமை இருந்தால் போதும் என்று யாராவது உங்களிடம் முடித்தால், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நகருங்கள்: ஏழு வயதில் அந்தப் பையனை மைதானத்துக்குள் விட்டது யார்?