எந்த லீகில் ஆடுவது? யார் முடிவு செய்வது?

(பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், இளைஞர் கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஷிப்டு முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். வயல் வேலையை முடித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கழகத்துப் பையன்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "அமெரிக்கா பணக்கார நாடு. அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். அப்படியிருந்தும் 2018 ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு அந்த நாட்டு ஆண்கள் கோஷ்டி தகுதி கூடப் பெறவில்லையே, ஏன்?" என்று கேட்டார்கள்.

நல்ல கேள்வி. 2017 அக்டோபர் 10 ஆம் தேதி டிரினிடாட் டொபேகோ என்ற சின்னஞ்சிறு நாட்டிடம் 2-1 என்று தோற்று அமெரிக்கா வெளியேறியது. ஒரு தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கும். அத்தனையும் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு அந்த நாட்டில் பலமாகக் கேட்ட ஒரு கேள்வி உண்டு. பிள்ளைகளின் ஆட்டம் யார் காசில் நடக்கிறது? காசில்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போகிறான்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நூலாலையில் வளர்ந்த ஆட்டம்

முதலில் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் "புட்பால்" என்றால் வேறொரு ஆட்டம். நம் கால்பந்தை அவர்கள் "சாக்கர்" என்பார்கள். அந்தச் சாக்கர் அங்கே வேரூன்றியது ஆலைத் தெருக்களில். நியூ ஜெர்சி மாகாணத்தில் கிளார்க் நூல் கம்பெனியின் ஆலைகள் இருந்தன. 1883 இல் அந்த ஆலைக்காரர்கள் ஒரு கோஷ்டி அமைத்தார்கள். 1885 இல் அமெரிக்காவின் முதல் கோப்பையை வென்றது அந்த நூலாலைக் கோஷ்டிதான். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஃபால் ரிவர் என்ற நகரம் முழுக்க முழுக்கப் பஞ்சாலை நகரம். 1930 இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை போயிற்று. அந்தப் போட்டியில் பராகுவேக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் பெர்ட் பேட்டனாட். உலகக் கோப்பை வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆள் அவர். பிறந்த ஊர் ஃபால் ரிவர். பஞ்சாலை ஊர்ப் பிள்ளை, தோழர்களே!

அவ்வளவு வளர்ந்த ஆட்டம் ஏன் சரிந்தது? பல காரணங்களில் ஒன்று, லீகுகளின் சண்டை. 1928 இல் அமெரிக்கன் சாக்கர் லீகை நடத்திய முதலாளிகள் தங்கள் கிளப்புகளைப் பார்த்து, "தேசியக் கோப்பைப் போட்டியில் சேராதே" என்று உத்தரவு போட்டார்கள். கோப்பையை நடத்தியது கால்பந்துச் சம்மேளனம். பெத்லஹேம் ஸ்டீல் உள்ளிட்ட மூன்று கிளப்புகள் உத்தரவை மீறிக் கோப்பையில் சேர்ந்தன. லீக் அவற்றை ஒதுக்கியது. சம்மேளனம் லீகையே ஒதுக்கியது. போட்டிக்கு இன்னொரு லீக் முளைத்தது. ஒரு வருஷம் இழுபறி. 1929 அக்டோபரில் சமரசம் ஆயிற்று. அதே மாதம் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. 1930 இல் பெத்லஹேம் ஸ்டீல் கோஷ்டி கலைந்தது. 1933 இல் அந்த லீகே மறைந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அங்கே ஊரும் இரண்டுபட்டது, கூத்தாடியும் பட்டினி கிடந்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டுக்குப் பிறகு இதே கதை பிள்ளைகளின் ஆட்டத்தில் மறுபடி தொடங்கியது.

பெயர்ப் பலகைச் சண்டை

2007 இல் அமெரிக்கச் சம்மேளனம் ஆண் பிள்ளைகளுக்காக "டெவலப்மென்ட் அகாடமி" என்று ஒரு தேசிய லீகை ஆரம்பித்தது. 2009 இல் பெண் பிள்ளைகளுக்காக 40 கிளப்புகள் சேர்ந்து "எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக்" என்பதை அமைத்தன. எலைட் என்றால் பொறுக்கியெடுத்தவர்கள், மேல்தட்டு என்று அர்த்தம். சில ஆண்டுகள் இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம் என்று நடந்தது. 2017 இல் இரண்டும் நேருக்கு நேர் மோதின. சம்மேளனம் பெண்களுக்கும் அகாடமி லீகைத் திறந்தது. எலைட் லீக் ஆண்களுக்கும் கதவைத் திறந்தது.

கிளப்புகள் திண்டாடின. எந்தப் பக்கம் போவது? பல கிளப்புகள் பழைய லீகை விட்டுச் சம்மேளனத்தின் லீகுக்குப் போயின. சில போய்விட்டுத் திரும்பி வந்தன. சில தங்கள் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் ஆடவிட்டன. இந்த நிலையில் 2020 ஏப்ரல் 15 ஆம் தேதி, கொரோனா தொற்றுக் காலத்தில், பண நெருக்கடியைக் காரணம் சொல்லிச் சம்மேளனம் தன் அகாடமி லீகை அடியோடு மூடிவிட்டது. பெண்களுக்கு அது திறந்து மூன்று ஆண்டு கூட ஆகவில்லை. ஆலையில் கதவடைப்பு அறிவிப்பை ஒட்டியது போலத்தான்.

உடனே புதுப் பலகைகள் ஏறின. தொழில்முறைக் கால்பந்து நடத்தும் மேஜர் லீக் சாக்கர் ஆண் பிள்ளைகளுக்காக "எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்" என்ற லீகைத் தொடங்கியது. முதல் ஆண்டே நூற்றுக்கு மேற்பட்ட கிளப்புகள் சேர்ந்தன. அநாதையாக நின்ற பெண்கள் கிளப்புகள் பல "கேர்ள்ஸ் அகாடமி" என்று ஒன்றைக் கட்டின. மற்றவை எலைட் லீகுக்குத் திரும்பின. பிறகு ஒவ்வொரு லீகும் முதல் தரம், இரண்டாம் தரம் என்று கிளைவிட்டது.

பிள்ளை அதே பிள்ளை. மைதானம் அதே மைதானம். சட்டையில் தைத்த சின்னம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுச் சட்டை, புதுப் பிரயாணம், புதுக் கட்டணம்.

கிளப் ஏன் மறுக்க முடிவதில்லை?

"வேண்டாம், எங்கள் ஊர் லீகே போதும் என்று சொல்லிவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு ஊரில் இரண்டு கிளப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு எலைட் சின்னம் கிடைத்துவிடுகிறது. மறுநாளே மற்றக் கிளப்பின் நல்ல ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் அங்கே ஓடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆள் தேடி வருவது எலைட் லீகின் போட்டிகளுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பேர் போனபின் பயிற்சியாளரும் போகிறார். மிச்சமிருப்பது வலையும் கம்பமும்தான். ஆகவே அந்தக் கிளப்பும் ஏதாவது ஒரு சின்னத்துக்கு விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

இந்த லீகுகளில் சேருவது ஆடி வென்று ஏறுகிற ஏணியல்ல. விண்ணப்பம் போட வேண்டும். லீக் நிர்வாகம் பார்த்துச் சேர்க்கும். ஆலை வாசலில் பதிலி வேலைக்கு நிற்பவன் அன்றைய வேலையைத் "தேர்ந்தெடுக்கிறான்" என்று சொல்வோமா? பல கிளப்புகளின் தேர்வும் அந்த மாதிரித் தேர்வுதான்.

கணக்கைப் பாருங்கள்

இனி, கட்டணம். பிள்ளை தன் முக்கியமான விளையாட்டை ஆட 2024 இல் ஒரு அமெரிக்கக் குடும்பம் சராசரியாக 1,016 டாலர் செலவழித்தது. 2019 ஐ விட இது நூற்றுக்கு 46 அதிகம். இதைச் சொன்னது ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிலையம். அந்த நாட்டில் மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 இல் வைத்தது, 2025 வரை ஒரு சென்ட் ஏறவில்லை. பல மாகாணங்களில் இதைவிடக் கூடுதல் உண்டு, பல மாகாணங்களில் இதுவேதான். இந்தக் கூலிக்கு 1,016 டாலர் என்றால் 140 மணி நேர உழைப்பு. வாரம் 40 மணி வீதம் மூன்றரை வாரக் கூலி.

அது சராசரி. எலைட் லீகில் கட்டணமும் பிரயாணமும் சேர்ந்து பல ஆயிரம் டாலர். ஐயாயிரம் என்று வைத்துக்கொண்டால் 690 மணி, அதாவது பதினேழு வாரக் கூலி. இதில் அரிசோனா, புளோரிடா, டெக்சஸ் என்று நூற்றுக்கணக்கான மைல் போய், ஓட்டலில் தங்கி ஆடும் போட்டிகளும் உண்டு. சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் அறை எடுக்க வேண்டும். பிள்ளையுடன் போகிற தாய்க்கு இரண்டு நாள் கூலி போகும். அது எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

எதற்காக இத்தனையும்? கல்லூரி உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. 1972 இல் வந்த சட்டம் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம உரிமை தந்தது. அதனால் கல்லூரிகளில் பெண்கள் கால்பந்து செழித்தது. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேருக்குச் சம்பளம்? பல ஆண்டுகள், முதல் வகுப்புக் கல்லூரிகளில் பெண்கள் கோஷ்டிக்கு 14, ஆண்கள் கோஷ்டிக்கு 9.9 முழுச் சம்பளங்களே உச்சவரம்பு. ஆம், பத்து கூட இல்லை, 9.9. அதை இருபது பேருக்கு மேல் பங்கிட்டால் ஒருவன் கைக்கு எவ்வளவு வரும்? 2025 இல் அந்த விதி மாறியது. ஆனாலும் கதவு அகலமான கதவல்ல. பத்து ஆண்டு செலுத்திய சந்தாவைக் கூட்டிப் பார்த்தால், கிடைத்த சம்பளத்தைவிட அதிகமாக இருப்பதும் உண்டு.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. 2012 இல் சம்மேளனத்தின் அகாடமி ஆண்டில் பத்து மாத ஆட்டம் என்று ஆக்கி, தன் பையன்கள் பள்ளிக்கூடக் கோஷ்டியில் ஆடக்கூடாது என்று தடுத்தது. எலைட் லீக் அதை அனுமதித்தது. இரண்டு லீகுகளுக்கும் இடையே இருந்த பெரிய வித்தியாசம் இது. பள்ளிக்கூட ஆட்டம் என்றால் தெருவே வந்து பார்க்கும், தாத்தா பாட்டி வந்து பார்ப்பார்கள். நூறு மைலுக்கு அப்பால் ஆடும் ஆட்டத்தை யார் போய்ப் பார்ப்பது?

எதிர்ப்பக்க நியாயம்

நியாயமாகப் பேச வேண்டும். லீக்காரர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. வாரா வாரம் பலமில்லாத கோஷ்டியோடு ஆடிப் பத்து கோல் போடும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. சமபலமுள்ளவர்களோடு மோதினால்தான் ஆட்டம் கூர்மைப்படும். எலைட் லீகுகளில் நல்ல பயிற்சி கிடைக்கிறது. தொழில்முறைக் கிளப்புகள் நேரே நடத்தும் அகாடமிகள் பெரும்பாலும் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சலுகை கொடுக்கும் கிளப்புகளும் உண்டு.

ஆனால் சலுகை என்பது யாரோ மனமிரங்கிக் கொடுப்பது. ஒரு வருஷம் கொடுப்பார்கள், மறு வருஷம் இல்லை என்பார்கள். நிலையான வழி ஒன்றும் இருக்கிறது. ஆட்டக்காரன் பெரிய கிளப்புக்கு விலைபேசி மாற்றப்படும்போது, 12 வயது முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு தரவேண்டும் என்பது சர்வதேசச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி. அமெரிக்காவில் அதை நெடுங்காலம் அமல்படுத்தவில்லை. 2014 இல் டியாண்ட்ரே யெட்லின் என்ற ஆட்டக்காரர் சியாட்டிலிலிருந்து இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்கு மாற்றப்பட்டபோது, அவர் இளமையில் ஆடிய கிராஸ்ஃபயர் என்ற கிளப் தன் பங்கைக் கேட்டு வழக்காடியது. 2019 இல் மேஜர் லீக் சாக்கரே இந்தப் பங்கைத் தானும் கேட்கப்போவதாக அறிவித்தது. விதைத்தவனுக்கு அறுவடையில் பங்கு வந்தால், அந்தக் கிளப் ஏழைப் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

ஐந்து கேள்விகள்

ஒரு கிளப் எந்த லீகில் சேருவது என்று முடிவு செய்யும்முன் பெற்றோரையும் மூத்த பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று: கட்டணம், சட்டை, பஸ், ஓட்டல், போகும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு என்ன செலவு?

இரண்டு: ஐம்பது மைலுக்குள் சமபலமுள்ள கோஷ்டிகள் இல்லையா? இருந்தால் ஐநூறு மைல் போவது ஏன்?

மூன்று: முதல் கோஷ்டியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் செலுத்தும் பணம் யாருக்குச் செலவாகிறது? அவர்களுக்கும் பயிற்சியாளர் உண்டா?

நான்கு: பிள்ளை பள்ளிக்கூடக் கோஷ்டியில் ஆடலாமா, கூடாதா?

ஐந்து: நாளைக்கே அந்த லீக் மூடப்பட்டால் நம் கையில் மிஞ்சுவது என்ன? மைதானமா, பயிற்சியாளரா, வெறும் சின்னமா?

ஐந்தாவது கேள்வியை 2017 இல் எத்தனை கிளப்புகள் கேட்டுப் பார்த்தன? 2020 ஏப்ரலில் அதற்குப் பதில் தானே வந்தது.

தம்பிமார்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை. பெண்கள் கோஷ்டி 1991, 1999, 2015, 2019 ஆகிய நான்கு முறை உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. ஆனால் பதினேழு வாரக் கூலியைக் கட்ட முடியாத வீட்டில் பிறந்த பிள்ளையை அந்தப் பொறுக்கியெடுப்பவர்கள் பார்ப்பதே இல்லை. பார்க்காத பிள்ளையை எப்படிப் பொறுக்குவது? ஃபால் ரிவரின் பஞ்சாலைத் தெருவில் இன்று ஒரு பேட்டனாட் பிறந்தால், அவன் வீட்டார் முதலில் கேட்பது "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதுதான்.

உங்கள் கழகத்தின் வரவு செலவுக் கணக்கை இன்று மேடையில் வாசித்தார்கள். சின்னக் கணக்குத்தான். ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய லீக் வந்து கூப்பிட்டாலும், அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து பேசிய பிறகு பதில் சொல்லுங்கள்.