கூலியும் தோணியும்

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றற்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்பர் இலக்கண நூலார். ஊர் சிரித்தது என்றால், சிரித்தவை வீடுகளும் வீதிகளும் அல்ல, ஆங்கு வாழும் மக்களே என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். வசைச் சொற்களுள் பல இவ்வழியாகவே பிறந்தவை. ஆனால், ஊரார் சிரித்து ஓய்வர். வசையாக ஏறிய பெயரோ எளிதில் இறங்குவதில்லை.

கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். முயற்சி தரும் பயனைத் திருக்குறளின் 619-ஆம் குறள் இச்சொல்லாலேயே குறிக்கின்றது. உழைப்பவனுக்குக் கூலியாள், கூலிக்காரன் என்பன பெயர். ஆங்கிலத்திலோ ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராயிற்று. குசராத்துப் பக்கத்துக் கோலி என்னும் குலத்தாரின் பெயரே மூலம் என்பாரும் உளர். இரண்டும் கலந்தன என்பாரும் உளர். மூலம் எதுவாயினும் சொல் கடல் கடந்தது.

1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே வணிகனும் கூலி, எழுத்தனும் கூலி. 1893-இல் சென்ற காந்தியடிகள் தாம் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டதைச் சுயசரிதையில் எழுதியுள்ளார். தமிழர் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'சாமி'யும் அந்நாட்டு வெள்ளையர் வாயில் இழிசொல்லாயிற்று. அதற்குச் சிலர் அளித்த மறுமொழியையும் அவரே குறிக்கின்றார்: சாமி என்றால் எசமானன் என்று பொருள், தாம் அவர்களுக்கு எசமானர் அல்லர் என்றனராம்! வசையைத் திருப்பி எறிவதில் இதனினும் நயமான வழி அரிது.

இலங்கையில் கோப்பித் தோட்டங்களிலும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தவர்களைத் துரைமார் ஏடுகளும் அரசாங்க ஏடுகளும் கூலிகள் என்றே எழுதின. தோட்டத்து வழக்கிலோ ஒருநாள் வேலைக்கணக்குக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்'தான். கூலி ஆளின் பெயராயிற்று, பேர் கூலியாயிற்று. ஆகுபெயர் இப்படியும் இருமுறை புரளக்கூடும் என்று எந்த இலக்கண ஆசிரியரும் எண்ணியிருக்கமாட்டார்.

கள்ளத்தோணி என்ற சொல்லோ இன்னும் கொடியது. அரசறியாது ஆளையும் பண்டத்தையும் ஏற்றிவரும் படகு என்பது அதன் நேர்ப்பொருள். படகின் பெயர் அதில் வந்தவனுக்கு ஆயிற்று. பின்னர் வராதவனுக்கும் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தோட்டத்துக்கு வந்தோர் பெரும்பாலும் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, கங்காணியின் கணக்கில் ஏறி, தலைமன்னாருக்கு அரசறியக் கப்பலில் வந்தவர்கள். அவர்கள் ஏறாத தோணியே அவர்கள் மக்களுக்கும் பேரருக்கும் பெயராயிற்று. சிங்களப் பேச்சிலும் அச்சொல் அவ்வாறே புகுந்து வழங்கியது. கள்ளமும் தமிழ்; தோணியும் தமிழ். 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லையோ வேற்றுமொழியார் தரவில்லை. அது தமிழர் தமிழரை நோக்கிச் சொன்னது.

வசை வாயளவில் நின்றிருந்தால் காற்றோடு போயிருக்கும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும் தந்தைவழி முன்னோர் பிறப்புக்குச் சான்று கேட்டது. லயத்து அறையிற் பிறந்தவர் பலரிடம் தம் பிறப்புக்கே ஓலைத்துண்டு இல்லை. அவ்வாறு நாடற்றவராக நின்றவனைக் கள்ளத்தோணி என்றபோது, அச்சொல்லுக்குச் சட்டமே துணை நிற்பது போலாயிற்று. 1964-இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிற் கொண்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோர் நிலை பின்னர் முடிவாகும் என விடப்பட்டது. இந்நாட்டில் நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருள் பலர் நீலகிரித் தேயிலை மலைகளிற் குடியேறினர். பாட்டன் பிறந்த நாட்டுக்கு மீண்ட அவர்களுக்கு அங்குள்ளோர் வைத்த பெயர், சிலோன்காரர்.