சூரிய மின்சாரமும் நமது இல்லறமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வீட்டின்மேல் தகடு பரப்பிச் சூரிய வெளிச்சத்தினின்று மின்சாரம் எடுத்துக்கொள்ளுதலைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றனர். கல்வி, ஒற்றுமை, சிக்கனம் என்னும் மூன்றைப் பற்றியும் இம்மேடையில் பல பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன. இம்மூன்றும் ஒரு வீட்டில் எவ்வளவு இருக்கின்றன என்பதை அறிய விரும்புவோர், அவ்வீட்டில் ஒரு சோலார் தகடு வைத்துப் பார்த்தால் போதும். ஒரு மாதத்திற்குள் யாவும் வெளிப்பட்டுவிடும்.

சூரியனை வீட்டு வேலைக்கு முதன்முதல் அமர்த்திக்கொண்டவர்கள் நமது பாட்டிமார்களே. மாசி பங்குனி வெயிலில் மோர்மிளகாய், சுண்டைவற்றல், கூழ்வடகம் முதலியவற்றைக் காயவைத்து ஒரு வருஷத்திற்குச் சேமித்து வைத்தார்கள். புழுக்கிய நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்தினார்கள். அதற்குக் கம்பியும் இல்லை, மீட்டரும் இல்லை. காக்கை விரட்ட ஒரு குச்சியும், குச்சியைப் பிடிக்க ஒரு பேரனுமே வேண்டியிருந்தன. ஆகவே இவ்வித்தை நமக்குப் புதிதன்று. கருவி மட்டுமே புதிது.

அக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வேன். வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து எட்மண்ட் பெக்கரல் என்பார் தமது பத்தொன்பதாம் வயதிற் கண்டார். வேலைக்குதவும் சிலிக்கன் மின்கலத்தை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையார் செய்து காட்டினர். அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இக்காலத்துத் தகடுகளோ நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல் தருகின்றன. நமது ஊர்ப்புறங்களில் ஒரு கிலோவாட் தகடு, வானம் தெளிந்த நாளில், சுமார் 4 யூனிட் கொடுக்கும். அதற்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். அக்கினி நட்சத்திர வெயிலில் மின்சாரம் கொட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். தகட்டுக்கு வேண்டுவது வெளிச்சமே. உஷ்ணம் அதற்கு ஆகாது. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் பலன் நூற்றில் கால் முதல் அரை பங்கு வரை குறையக்கூடும். ஆகையால் பனி நீங்கித் தெளிந்த தை மாசி நாட்களில் அது உற்சாகமாய் உழைக்கும்; சித்திரை நடுப்பகலில் நம்மைப்போலவே சற்றுச் சோர்வடையும்.

இனி, வாங்குவோர் அறியவேண்டிய முக்கிய விஷயம் ஒன்று உண்டு. சூரிய மின்சார அமைப்பு இருவகைப்படும். ஒன்று, மின்வாரியக் கம்பியுடன் இணைந்தது. பகலில் மிகுந்ததைக் கம்பிக்குக் கொடுத்து, வேண்டியபோது அதனிடமிருந்து வாங்கிக்கொள்வது. மற்றொன்று, பாட்டரியில் சேமித்து வைப்பது. முதல்வகை வைத்திருப்பவர் வீட்டில், ஊரில் மின்சாரம் நின்றால், உச்சிப்பகலாயினும் விளக்கு எரியாது. கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கும்பொருட்டு அவ்வாறு அமைத்திருக்கின்றார்கள். இதை விற்பவர் சொல்ல மறந்தால், வாங்கினவர் வீட்டில் நடக்கும் சம்பாஷணை கேட்கத்தக்கதாயிராது. “சூரியன் தலைக்கு மேலே நிற்கிறான்; விசிறி ஏன் நிற்கிறது?” என்று மாமியார் கேட்பார். அதற்கு விடை சொல்லும் திறமை மருமகனுக்கு இருந்தாலும், பொறுமை இருப்பதில்லை.

பாட்டரி உள்ள வீட்டில் வேறுவிதமான வேடிக்கை. அங்கே கணக்கு என்னும் சாஸ்திரம் அடுப்பங்கரை வரை புகுந்துவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் சுமார் 1.8 யூனிட் அடங்கும். ஈயப் பாட்டரியாயின், நீண்டகாலம் உழைக்கவேண்டி, அதிற் பாதியையே செலவிடுதல் நலம். இரண்டு பழைய விசிறிகளும் இரண்டு சிறு விளக்குகளுமாக இரவு எட்டு மணிக்குப் போட்டால், நள்ளிரவு கடந்து சிறிது நேரத்திற்குள் யாவரும் விழித்துக்கொள்வர். சுமார் 30 வாட் மட்டும் இழுக்கும் புதுவகை விசிறியாயின், விடியும்வரை உறங்கலாம். பாட்டரியை இரட்டிப்பாக வாங்குமுன் விசிறியை மாற்றுக என்பது இதனால் பெறப்படும் நீதி.

இவ்வித வீட்டில் அதிகாரம் யார் கையில் என்பதும் கவனிக்கத்தக்கது. முன்பெல்லாம் சாவிக்கொத்து வைத்திருப்பவரே வீட்டின் தலைவர். இப்போது இன்வெர்ட்டரின் பச்சை விளக்கைப் பார்த்து, “கிரைண்டர் போடலாம், இஸ்திரிப் பெட்டி கூடாது” என்று ஆக்ஞாபிப்பவரே தலைவர். அவ்வாக்ஞையில் நியாயமும் உண்டு. கிரைண்டர் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஏறக்குறைய 0.15 யூனிட்தான், இஸ்திரிப் பெட்டியோ ஒரு மணி நேரத்தில் ஒரு முழு யூனிட்டை விழுங்கிவிடும். ஒரு வேஷ்டியின் மடிப்புக்காக ஓர் இராத்திரியின் காற்றைக் கொடுக்கும் கிருஹஸ்தரை அவருடைய மனைவி கண்டித்தால், நான் மனைவியின் பக்கமே தீர்ப்புச் சொல்வேன். தாத்தாமார்கள் முன்பு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். இன்று தொலைக்காட்சித் தொடர் முடியும்வரை பாட்டரி நிற்குமா என்று அதே வானத்தைப் பார்க்கின்றார்கள்.

மொட்டைமாடியைப் பற்றிய வழக்கு இன்னும் பெரிது. தகடு வந்ததும் வடகத்திற்கு இடமில்லாமற் போகிறது. தாய்மார்களைக் கலவாமல் தகட்டுக்கு இடம் குறிப்பது, பாகஸ்தரைக் கேளாமல் நிலத்தை விற்பதற்கு ஒப்பாகும். நமது நாட்டில் தகட்டைத் தெற்கு நோக்கிச் சிறிது சாய்த்து வைப்பது முறை. ஆதலால் மாடியின் தென்புறத்தில் ஒரு பட்டை இடம் விட்டால், தகட்டின் நிழல் பெரும்பாலும் வடகத்தின்மேல் விழாது. துணிக்கொடியை மட்டும் அப்புறம் கட்டலாகாது. ஒரு தகட்டில் விழும் சிறு நிழலும், அதனோடு தொடராக இணைந்த மற்றத் தகடுகளின் பலனையும் குறைக்கவல்லது. ஒருவர் முகம் சுளித்தால் பந்தி முழுவதும் ருசி குன்றுவதுபோல என்று கொள்ளலாம். தென்னங்கீற்றையும் முருங்கைக் கிளையையும் பார்த்து இடம் தேர்க. தூசியும் பறவை எச்சமும் படிந்தால், காலையிலோ மாலையிலோ மெல்லிய துணியும் நல்ல தண்ணீரும் கொண்டு துடைக்க. சுட்டுக் கிடக்கும் தகட்டில் குளிர்ந்த நீரை வாரி ஊற்றலாகாது. வெயில் உள்ளவரை தகட்டின் கம்பியில் மின்சாரம் உண்டு. கீழே சுவிட்சை அணைத்தாலும் அது போகாது. ஆகையால் அதன் அருகே பிள்ளைகளைப் பட்டம் விட அனுப்பவேண்டாம்.

இனிப் பணத்தின் விஷயம். சிரிப்பை இங்கே சற்று நிறுத்திவைப்போம். 2024-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் ஒரு கோடி வீடுகளைக் கருதி ஏற்படுத்திய சூரிய கர் திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலுமாயின் 78,000 ரூபாயும் மானியமென விதித்தனர். கம்பியுடன் இணைந்த அமைப்புக்கே அது உரியது. விதிகள் மாறக்கூடியவையாதலால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை மின்வாரிய அலுவலகத்திலேயே நேரிற் கேட்டறிதல் வேண்டும்.

மானியம் கிடைக்கிறதென்ற ஒன்றினாலேயே யாவரும் கடன்பட்டு வாங்கவேண்டுமென்பதில்லை. வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016-ஆம் ஆண்டில் நமது மாநில அரசாங்கத்தார் ஏற்படுத்தினர். அவ்வளவிற்குள் வாழும் குடும்பம், நகையை அடகு வைத்து மூன்று கிலோவாட் போட்டால், மிச்சமாவது ஒன்றுமில்லை. வட்டி மட்டுமே வெயிலும் மழையும் பாராமல் வளரும். குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் முதலியவை நாளெல்லாம் ஓடி, யூனிட்டு ஏற ஏற விலையும் ஏறும் வீட்டுக்கே அது லாபகரமானது. ஆகையால் ஒரு வருஷத்து மின்கட்டணச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குப் பார்த்த பின்பே எவரிடத்தும் கையொப்பமிடுக. அடகு வைக்கப்படும் நகை யாருடையதோ, அவருக்குச் சம்மதம் சொல்லும் உரிமையும் உண்டு.

இதனினும் முக்கியமானது வேறொன்று. நமது கிராமங்களில் ஓட்டு வீட்டிலும் கீற்று வீட்டிலும் வாழ்வோர் இன்னும் இருக்கின்றனர். அக்கூரைகள் பெரிய தகட்டைத் தாங்கமாட்டா. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கத்தார், ஏழைகளுக்கு 300 சதுர அடியில் சோலார் விளக்குகளோடு பசுமை வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் தொடங்கினர். அவ்வீடு பெற்றோரிலும் சிலர், பாட்டரி ஓய்ந்தபின் மாற்ற வகையின்றி விளக்கைச் சும்மா விட்டிருக்கக்கூடும். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். ஈயப் பாட்டரியோ நான்கைந்து ஆண்டில் முடிந்துவிடும். கொடுத்தவரும் பெற்றவரும் நினையாமல் விடுவது இந்தப் பாட்டரியையே.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதலாவது, நமது நிதியிலிருந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுள்ள ஏழை வீடுகளுக்குச் சிறு தகடும் விளக்கும் அளித்து, பாட்டரி மாற்றுவதற்கென்று தனியே ஒரு தொகை ஒதுக்கிவைத்தல். இரண்டாவது, ஊருக்கு ஒரு வாலிபரையும் ஒரு பெண்ணையும் இவ்வேலையிற் பழக்குதல்; பழுதுபார்க்க ஆளில்லாத கருவி பரணுக்கே உரியது. மூன்றாவது, இவ்வுதவியில் நம்மவர், பிறர் என்று எல்லை கட்டாமல் ஊரார் யாவரையும் சேர்த்துக்கொள்ளுதல். நமது தெருவில் விழும் அதே வெயில்தான் அடுத்த தெருவிலும் விழுகின்றது.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நமது கலியாணங்களில் இரண்டு இரவு எரிந்து அணையும் அலங்கார விளக்குகளின் செலவைச் சிறிது குறைத்து, ஒவ்வொரு கலியாண வீட்டாரும் ஒரு படிப்பு விளக்கின் விலையைச் சங்கத்திற் கட்டுவதென்று தீர்மானித்தால் போதும். மணமக்களின் பெயரால் ஒரு குழந்தை பல ஆண்டுகள் படிக்கும். அவ்விளக்கின் கீழ்ப் படிக்கும் சிறுமி பிற்காலத்தில் இம்மேடையிலேறி, இன்று நான் சொன்ன கணக்குகளிற் பிழை கண்டு திருத்துவாளாயின், அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை.