தண்டம் கட்டுவதா, வழக்காடுவதா?



வீட்டுக்கு வரும் கடிதங்களில் எதைப் பிரித்ததும் கோபம் வருகிறது என்று வாகனம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். போக்குவரத்துக் காவல் துறையின் கடிதம்! இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன சாலையில் உங்கள் வாகனம் வேக வரம்பை மீறிச் சென்றது என்று அதில் எழுதியிருக்கும். படித்தவுடன் வீட்டில் இரண்டு வகையான பேச்சு எழும். "பேசாமல் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடுவோம்" என்பது ஒன்று. "நான் ஏன் கட்ட வேண்டும்? கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்பது மற்றொன்று. முன்னது சலிப்பில் பிறந்த பேச்சு, பின்னது ஆத்திரத்தில் பிறந்த பேச்சு. இரண்டுமே யோசித்து எடுத்த முடிவல்ல. யோசித்து முடிவெடுப்பது எப்படி என்பதைச் சிங்கப்பூரின் நடைமுறையை வைத்து இன்று பார்ப்போம்.

முதலில் அந்தக் கடிதத்தின் பொருள் என்ன? நீங்கள் குற்றவாளி என்று அது தீர்ப்புக் கூறவில்லை. தீர்ப்புக் கூறும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. "குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டிவிட்டால் உங்கள்மேல் வழக்குத் தொடுக்க மாட்டோம்" என்று காவல் துறை தரும் வாய்ப்புத்தான் அது. கட்டினால் விவகாரம் அத்துடன் முடியும். நீதிமன்றத் தண்டனையாக அது பதிவாகாது. கட்ட மறுத்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். வரம்பை மிக அதிகமாக மீறியவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடைக்காது. அவர்கள் நேரே நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும்.

பலரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, அருகில் அச்சிட்டிருக்கும் குற்றப் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. பணம் இன்று போனால் நாளை சம்பாதித்துக்கொள்ளலாம். புள்ளிகள் அப்படியல்ல. சிங்கப்பூரில் 1983ஆம் ஆண்டு முதல் புள்ளி முறை நடப்பில் இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்துவிட்டால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படும். முதல் தடவையே 12 வாரங்கள் வண்டி ஓட்ட முடியாது. கார் போன்ற இலகு வாகனத்தில் வரம்பை மணிக்கு 20 கிலோமீட்டர் வரை மீறியவருக்கு முன்பு 150 வெள்ளியும் 4 புள்ளிகளும் விதிக்கப்பட்டன. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 200 வெள்ளி, 6 புள்ளிகள் என உயர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு ஆறு தடவை சிறிய அளவில் மீறியவருக்கு வந்த நிலை, இப்போது நான்கே தடவையில் வந்துவிடுகிறது.

அலுவலகத்துக்கு எம்ஆர்டி ரயிலில் போகக்கூடியவருக்கு 12 வாரம் ஒரு சிரமம், அவ்வளவுதான். சாமான் விநியோகிக்கும் வேன் ஓட்டுநருக்கோ, டாக்சி ஓட்டுநருக்கோ அது மூன்று மாத வருமானம். எனவே, பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் பெயரில் ஏற்கெனவே எத்தனை புள்ளிகள் இருக்கின்றன?" என்பதே. தொடர்ந்து 12 மாதங்கள் எந்தக் குற்றமும் செய்யாமல் ஓட்டினால் பழைய புள்ளிகள் நீங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புள்ளிகள் முக்கியம் என்பதால் எல்லோரும் வழக்காட வேண்டுமா? இல்லை. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு நேர்மையாக விடை காண வேண்டும்.

முதல் கேள்வி: படத்தில் இருப்பது என் வாகனந்தானா? கடிதத்திலுள்ள வாகன எண், நாள், நேரம், இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் வண்டி பட்டறையில் இருந்திருந்தால், பட்டறை கொடுத்த ரசீது உங்களுக்கு நல்ல சான்று.

இரண்டாவது கேள்வி: அப்போது ஓட்டியது யார்? கேமராவில் பதிவானால் கடிதம் உரிமையாளருக்குத்தான் வரும். ஓட்டியவர் வேறொருவர் என்றால், அவருடைய விவரங்களைக் கடிதம் குறிப்பிடும் காலத்துக்குள் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. தெரிவிக்காமல் இருந்துவிட்டால், உரிமையாளரே ஓட்டியதாகச் சட்டம் கருதும்.

மூன்றாவது கேள்வி: உண்மையாகவே வரம்பை மீறவில்லை என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்பது சான்றாகாது. வண்டியில் பொருத்திய கேமராவின் பதிவு, நிறுவன வாகனத்தில் உள்ள இடங்காட்டிக் கருவியின் பதிவு ஆகியவை உதவலாம். வண்டிக் கேமராக்கள் பழைய பதிவின்மேல் புதியதைப் பதிவு செய்துவிடும். ஆகவே, கடிதம் கண்ட அன்றே பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

"என் வண்டி மீட்டர் குறைவாகத்தான் காட்டியது" என்று சிலர் சொல்வதுண்டு. மீட்டர்கள் பொதுவாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே அமைக்கப்படுகின்றன. சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை வைத்து மீட்டர் வேகத்தைக் கணக்கிடுகிறது. அளவில் பெரிய டயர் மாட்டியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. அப்படியானால் தவறு கேமராவில் இல்லை, உங்கள் டயரில் இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். காரணம் வேறு, எதிர்வாதம் வேறு. "சாலை வெறிச்சோடிக் கிடந்தது", "எல்லோருமே அந்த வேகத்தில்தான் போனார்கள்", "அறிவிப்புப் பலகையைக் கவனிக்கவில்லை", "வேலைக்கு நேரமாகிவிட்டது" என்பவையெல்லாம் காரணங்கள். வரம்பை மீறியதை இவை மறுக்கவில்லை, மாறாக, ஒப்புக்கொள்கின்றன! இவற்றை வைத்துக்கொண்டு வழக்காடப் போவது வீண் அலைச்சல். "ஓட்டியவன் நானல்ல", "அது என் வண்டியல்ல", "கருவியின் அளவீடு தவறு, இதோ சான்று" என்பவைதாம் எதிர்வாதங்கள். உயிருக்குப் போராடியவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது போன்ற தக்க காரணம் இருந்தால், மருத்துவமனைச் சான்றுகளோடு காவல் துறைக்கு மேல்முறையீடு எழுதலாம். அவர்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், கடிதம் கூறும் காலக்கெடுவுக்குள் எழுத வேண்டும்.

சரி, உங்களிடம் உண்மையான எதிர்வாதம் இருக்கிறது, வழக்காடத் தீர்மானித்துவிட்டீர்கள். அடுத்து என்ன நடக்கும்? அரசு நீதிமன்றத்தில் குறித்த நாளில் முன்னிலையாக வேண்டும். தவறினால் கைதாணை பிறக்கலாம். குற்றச்சாட்டு படித்துக் காட்டப்படும். தமிழில் கேட்க விரும்பினால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் உதவுவார், கூச்சப்படாமல் கேளுங்கள். புரியாத மொழியில் தலையாட்டுவதைப்போல் ஆபத்தானது வேறில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டனையைக் குறைக்கும்படி வேண்டிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். மறுத்தால் விசாரணை கோரலாம். அப்போது குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்ந்தது. அவர்களுடைய சாட்சிகளை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். உங்கள் சான்றுகளையும் முன்வைக்கலாம்.

வென்றால் தொகையும் இல்லை, புள்ளியும் இல்லை. தோற்றால்? கடிதத்தில் இருந்த தொகையோடு நீதிமன்றம் நின்றுவிட வேண்டிய கட்டாயம் இல்லை. வேக வரம்பை மீறும் குற்றத்துக்கு, முதல் தடவையே 1,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வண்டி ஓட்டத் தடையும் விதிக்கலாம். இவற்றோடு வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும், வழக்கறிஞரை அமர்த்தினால் அவருடைய கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். சான்று கையில் இருப்பவருக்கு இந்தச் செலவு தகும். வீம்பு மட்டுமே கையில் இருப்பவருக்குத் தகாது.

நேயர்களே, இந்த விவகாரத்தில் மூன்றாவது வழி ஒன்றையும் சிலர் நாடுகிறார்கள். அது படுகுழி. மகன் புதிதாக உரிமம் எடுத்தவன். முதல் ஆண்டுக்குள் 13 புள்ளிகள் சேர்ந்தால் அவனுடைய உரிமம் செல்லாததாகிவிடும். "பையன் பாவம், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிவிடுகிறேன்" என்கிறார் தந்தை. வேறோர் இடத்தில் முதலாளி தம் ஊழியரிடம், "நீ ஓட்டியதாகச் சொல்லிவிடு, பணத்தை நான் தருகிறேன்" என்கிறார். பாசத்தால் செய்தாலும் பணத்துக்காகச் செய்தாலும், ஓட்டியவர் யார் என்று பொய்த் தகவல் கொடுப்பது கடுமையான குற்றம். இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் சிங்கப்பூரில் உண்டு. சில நூறு வெள்ளியில் முடிய வேண்டிய சங்கதி, ஒரு குடும்பத்தின் மானத்தையே வாங்கிவிடும். பிறருடைய புள்ளியைச் சுமக்கச் சொல்லும் முதலாளியிடம் மறுத்துப் பேசுவது எளிதல்ல என்பது உண்மைதான். அதனால்தான், நிறுவன வண்டி ஓட்டுபவர்கள் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வண்டியை எடுத்தோம், யாரிடம் ஒப்படைத்தோம் என்று சிறு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. வாய்ப்பேச்சைவிட அந்தக் குறிப்பு உங்களுக்குத் துணை நிற்கும்.

கேமராவும் கடிதமும் எதற்காக என்பதையும் மறந்துவிடலாகாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தை 70 ஆக்கினால், வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. மோதலின் ஆற்றலோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. அந்த ஆற்றலைத் தாங்குவது சாலையைக் கடக்கும் ஒரு மூதாட்டியின் உடலாக இருக்கலாம்.

ஆகவே, கடிதம் வந்த அன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. விவரங்களைச் சரிபாருங்கள். புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமமே பறிபோகும் நிலை என்றால் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். மீறியது உண்மையானால் காலக்கெடுவுக்குள் கட்டிவிட்டு, அடுத்த 12 மாதங்களுக்கு நிதானமாக ஓட்டுங்கள். மீறவில்லை என்பது உண்மையானால், சான்றோடு நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். கேட்பதற்காகவே நீதிமன்றம் இருக்கிறது.