ரெண்டு கட்டைக்கு நடுவுல: சிரியாவின் கல்யாண மேடையும் கரிசல் மேளமும்

நான் கோவில்பட்டிப் பக்கம் இன்னிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். இன்னைக்கு சிரியாவைச் சேர்ந்த ரெண்டு பேரைப் பற்றிப் பேசப் போறேன். ஒருத்தர் பாடகர் ஒமர் சுலைமான். இன்னொருத்தர் கீபோர்டு கலைஞர் ரிசான் சயீத். அரபு மெட்டுகளையும் மின்னணு நடன இசையையும் கலந்து உலகம் முழுக்க ஆட வைத்தவர்கள். அதுக்கு முன்னாடி எங்க மாமா கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லிடறேன்.

மாமா நாகசுரக்காரர். கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியின் நாகசுரமும் சேர்ந்து போகுமே, அந்தப் பாட்டை இன்னைக்கும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்பார்.

சில வருஷம் முன்னாடி ஒரு கிராமத்துக் கொடையில் ராத்திரி மேளத்தைக் குறைச்சுட்டு எங்க கீபோர்டு செட்டை வச்சாங்க. அதாவது, மாமாவோட இடத்துல போய் நின்னது நான். முடிஞ்சதும் மாமா வந்தார். கோபப்படலை. "மருமகனே, நல்லாத்தான் வாசிச்சே. ஆனா உன் பெட்டியில ரெண்டு கட்டைக்கு நடுவுல என்ன இருக்கு?" அப்படின்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடும்போதுதான் இந்த ரெண்டு பேரும் காதில் விழுந்தாங்க. இவங்க ஊர் சிரியாவின் வடகிழக்கில், ஹசக்கா மாகாணத்தில் உள்ள ராஸ் அல் ஐன். பருத்தியும் கோதுமையும் விளையும் பூமி. மழை பொய்த்தால் ஊரே காலியாகும் பூமியும்கூட. நம்ம கரிசலுக்கு ஒரு விதத்தில் சொந்தம்னு வச்சுக்கோங்களேன்.

சுலைமான் 1994-ல் கல்யாண வீடுகளில் பாட ஆரம்பித்தார். கைகோத்து வரிசையாக நின்று காலைத் தட்டி ஆடும் 'தப்கே' ஆட்டத்துக்கான பாட்டு. பழைய நாட்களில் பக்கத்தில் ஒரு கவிஞர் நின்று காதில் அடி எடுத்துக் கொடுப்பார், இவர் பாடுவார். அதைக் கேசட்டில் பதிந்து மணமக்களுக்குக் கொடுப்பாங்க. பிறகு அதே கேசட் கடைக்கு வரும். இப்படியே நூற்றுக்கணக்கில் சேர்ந்துபோச்சு. 2007-ல் அந்தப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்று அமெரிக்காவில் வெளியானது. 2013-ல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் நோபல் அமைதிப் பரிசு விழாக் கச்சேரியிலேயே சுலைமான் பாடினார். நடுவில் உள்நாட்டுப் போர் வந்து, ஊரை விட்டுத் துருக்கிக்குப் போக வேண்டியதாச்சு.

இதில் ரிசானின் கைவேலையைக் கவனிங்க. அவர் கீபோர்டில் வரும் அந்தக் கிரீச்சென்ற குழல் சத்தம், 'மிஜ்விஸ்' என்ற நாட்டுப்புறக் கருவியின் சாயல். ரெண்டு குழலைச் சேர்த்துக் கட்டியிருக்கும். நாகசுரத்துக்குச் சீவாளி மாதிரி அதுக்கும் நாக்கு உண்டு.

அரபு இசையில் 'பயாத்தி' போன்ற மகாம்களில், நம்ம கீபோர்டின் ரெண்டு கட்டைக்கு நடுவில் விழும் சுரங்கள் உண்டு. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் உள்ள தூரத்தை நூறு சென்ட் என்று கணக்கு வச்சிருக்காங்க. நம்ம ஊரில் நூறு சென்ட் ஒரு ஏக்கர், இல்லையா? அதே மாதிரிதான். அரபுச் சுரம் ஏறக்குறைய ஐம்பதாவது சென்டில், நடு வரப்பில் நிற்கும். அதுக்காகவே அந்த நாட்டுச் சந்தைக்கு வரும் கீபோர்டுகளில் ஒரு சுரத்தை மட்டும் ஐம்பது சென்ட் இறக்கிவைக்க வசதி இருக்கு.

[கீபோர்டில் முதலில் சாதாரண சுரம், பிறகு இறக்கிய சுரம்]

கேட்டீங்களா? ரெண்டாவது முறை பெட்டிக்கே வேற ஊர் வாசனை வந்துடுது.

இந்தியாவிலும் இதுக்கு ஒரு முன்னோடி உண்டு. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போக முடியும். அந்த வழுக்கல் ராகத்துக்குப் பொருந்தியது. அதே கருவியை வைத்து அமெரிக்காவின் சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' நடன இசையின் முதல் தட்டு வந்தது 1987-ல்தான். சிங்கின் தட்டு அப்போ விலைபோகலை. 2010-ல் மறுபடி வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மாமா வீட்டுக்குப் பெட்டியோட போனேன். தோடி வாசிக்கச் சொன்னார். காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கி வச்சு வாசிச்சேன். சிரிச்சுட்டார். "அது ஒரு இடத்துல நிக்கிற சுரம் இல்லடா. அசையிற சுரம்."

அங்கேதான் வித்தியாசம் புரிஞ்சுது. அரபு மகாமுக்கு நடுவில் ஒரு இடம் கிடைச்சாலே பாதி வழி வந்தாச்சு. நம்ம ராகத்துக்கு இடம் மட்டும் போதாது, கமகம் வேணும். நாகசுரத்தில் துளையைப் பாதி மூடியும் மூச்சை அழுத்தியும் அது வரும். பெட்டியில் இடது கைச் சக்கரத்தை உருட்டித்தான் கொண்டுவரணும். அந்தக் கைக்கு யாராவது சொல்லிக் கொடுக்கணும். சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சவங்க நாகசுரக்காரங்கதான்.

ஒண்ணை மறைக்க விரும்பலை. சிரியாவிலும் ஒரே கீபோர்டு, குழல்காரர், தாளக்காரர் என்று பல பேர் வேலையை எடுத்துக்கொண்டது. செலவு குறைவு, சத்தம் அதிகம். ஆனா ரிசான் அந்தக் குழலின் பேச்சைக் கத்துக்கிட்டு வாசிச்சார். நான் மாமாவின் இடத்தை எடுத்தேன், அவர் பேச்சைக் கத்துக்கலை. ரெண்டு பேருக்கும் உள்ள தூரம் அதுதான்.

இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள் மாமாவிடம் பாடம். வர்ற கொடைக்குக் கமிட்டிக்காரங்ககிட்ட பேசியிருக்கோம். நாகசுரம், தவில், கீபோர்டு மூணும் ஒரே மேடையில். அரை மணி நேரம்தான் கொடுத்திருக்காங்க. சம்பளம் மேளக்காரங்களுக்கும் எங்களுக்கும் சமம்னு பேசி முடிச்சாச்சு.

உங்க ஊர் கொடையில் கமிட்டியில் இருக்கீங்கன்னா, மேளத்தை நிறுத்துறதுக்கு முன்னாடி அந்த அரை மணி நேரத்தை யோசிச்சுப் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.