துளசியும் விண்கல்லும்

(சோழபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

தம் குடும்பத்துப் பெரியவரின் நினைவை, ஊரே கூடிச் சிந்திக்கும் ஒரு மாலைப்பொழுதாக மாற்றிய அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு என் நன்றி.

உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியைப் பேச இந்த வட்டாரம் மிகவும் பொருத்தமானது. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே பெரியாழ்வார் தம் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்கிறது வைணவக் குருபரம்பரைக் கதை. ஆடிப்பூரத் தேரை இழுக்கும் கைகள் ஒவ்வொன்றும் அந்தப் பிறப்பைக் கொண்டாடுகின்றன. மேற்கே மலை. ராஜபாளையம் வட்டாரப் பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர்கள், அவை பூமிக்கடியில் ஏறத்தாழ 1,000 டிகிரி வெப்பத்தில் உருமாறியவை என்கிறார்கள். அது நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று நிலத்தில் ஒரு மரம் இல்லை, ஒரு பறவை இல்லை. இந்த இரண்டு செய்திகளுக்கும் ஒரே மனத்தில் இடம் உண்டா என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தக் கேள்வியை வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரை நினைவுகூர்கிறேன். இலங்கையின் காலியில் 1923-இல் பிறந்த சிரில் பொன்னம்பெருமா, 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று வேதியியலை அடிப்படையிலிருந்து படித்தார். 1953-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் என்ற இளைஞர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து மின்பொறி பாய்ச்சியிருந்தார். ஒரே நாளில் நீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் அடர்சிவப்பாகக் கலங்கியது. அதில் புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் இருந்தன. அந்த வழியில் நடந்த பொன்னம்பெருமா, மரபுப் பொருளின் ஓர் எழுத்தான அடினினையும் அதேபோன்ற எளிய வாயுக்களிலிருந்து உருவாக்கிக் காட்டினார்.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பொன்னம்பெருமாவும் சக ஆய்வாளர்களும் அதற்குள் அமினோ அமிலங்களைக் கண்டார்கள். ஆனால் கல்லைத் தொட்டவர்களின் கைப்பட்டே அவை ஒட்டியிருக்கலாமே? விடை அந்த மூலக்கூறுகளின் வடிவத்தில் இருந்தது. அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என இரண்டு உண்டு. பூமியின் உயிர்கள் தம் புரதங்களுக்கு இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. விண்கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. அதனால் அவை விண்வெளியிலிருந்தே வந்தவை என்று தெளிந்தார்கள். தன் முடிவைத் தானே சந்தேகித்து, அந்தச் சந்தேகத்துக்கும் சோதனை வைப்பதுதான் அறிவியல்.

சமயக் கதை இப்படிச் சோதிக்கப்படுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. ஆண்டாள் கதையில், பெற்றோர் இன்னாரென்று தெரியாத குழந்தையை ஒருவர் மகளாக ஏற்று வளர்க்கிறார். அவள் சூடிய மாலையை இறைவன் விரும்பி ஏற்கிறான். உயிர் நமக்குக் கிடைத்த கொடை, அதைப் போற்றுவது நம் கடன் என்பதே அந்தக் கதை நம்மிடம் சொல்வது. துளசியடியில் குழந்தை எப்படி முளைத்தது என்று மடக்கிக் கேட்பவர் கதையையே கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தசாவதாரத்தில் மீனும் ஆமையும் முதலில் வருவதால் டார்வினுக்கு முன்பே பரிணாமத்தை நாம் கண்டுவிட்டோம் என்று மேடைகளில் பேசுகிறோம். திருவாசகத்தின் சிவபுராணத்தையும் அதற்குச் சான்றாக அழைக்கிறோம். மாணிக்கவாசகர் அதில் சொல்வது ஓர் ஆன்மா பல பிறவிகளில் உழன்று அடைந்த களைப்பை, விடுதலைக்கான ஏக்கத்தை. பரிணாமத்தில் உடல்விட்டு உடல் போகும் ஆன்மா இல்லை; தலைமுறை தலைமுறையாக உயிரினக் கூட்டங்கள் மாறுவதுதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் அறிவியலும் பிழைபடும், அந்த ஏக்கக் குரலும் நம் காதில் விழாமல் போகும்.

மூலக்கூறுகள் தம்மைத் தாமே படியெடுக்கும் உயிரணுவாக எப்படி மாறின என்பதற்கு அறிவியலிடம் முழு விடை இன்னும் இல்லை. அந்த இடைவெளியில் கடவுளைக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று பக்தர்களையே கேட்டுக்கொள்கிறேன். நாளை ஓர் ஆய்வகம் அந்த இடைவெளியை அடைத்தால் உங்கள் கடவுளுக்கு இடமில்லாமல் போகும். பக்திக்கு அறிவியலின் சான்றிதழ் தேவையில்லை. அறிவியலுக்குச் சமயத்தின் அனுமதி தேவையில்லை.

2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கின்றன. ஆசிரியர்களே, அதைத் தேர்வுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், தயங்காமல், முழுமையாக நடத்துங்கள். பெற்றோர்களே, அந்தப் பாடத்தைப் படித்த பிள்ளையையும் ஆடிப்பூரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அது கேட்கும் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். இரண்டையும் கற்ற பிள்ளை எந்தக் கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்து வளரும். இந்த அறக்கட்டளை அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் இந்த மேடையில் பேச வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.