வாயிலில் நிற்கும் வீரர்



பெங்களூரிலிருந்து துமகூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் பீன்யா என்னும் தொழிற்பேட்டை பரந்து கிடக்கின்றது. 1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமைக்கப்பெற்ற இப்பேட்டையில் சிறியனவும் பெரியனவுமான தொழிற்கூடங்கள் ஆயிரக்கணக்கில் இயங்குகின்றன. கடைசல் பட்டறையிலும், முலாம் பூசும் கூடத்திலும், ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும், வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைப்பை நாடி வந்தவர்கள் நாம்.

மாலை எட்டு மணிக்கு முறை மாறும் வேளையில் இப்பேட்டையின் தெருக்களில் நடப்போமானால், ஒரு காட்சி கண்ணில் படாமல் போகாது. ஒவ்வொரு தொழிற்கூடத்தின் வாயிலிலும் ஒரு காவலர் நிற்பார். அவர்களுள் சிலரைப் பார்த்தவுடனேயே நமக்குத் தெரிந்துவிடும். நிமிர்ந்த முதுகு; மழித்த முகத்தில் கத்தரித்த மீசை; பழைய சீருடையாயினும் மடிப்புக் கலையாத சட்டை. இவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று கேளாமலே சொல்லிவிடலாம்.

அத்தகைய ஒருவரோடு நாம் பல மாதங்களாகப் பேசிப் பழகியிருக்கின்றோம். பதினேழு ஆண்டுகள் மதராஸ் சாப்பர்கள் படையிற் பணியாற்றியவர் அவர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் தலைமையிடம் கொண்ட அப்படைப் பிரிவின் வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைப்பது பட்டாளத்தின் நெடுநாள் வழக்கம். பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் தொழில். நம் நண்பரோ பொருத்துநர். இயந்திரத்தைப் பிரித்து மீண்டும் பூட்டுவதில் தேர்ந்தவர். இன்று அவர் காவல் நிற்கும் வாயிலுக்கு இருபதடி உள்ளே, அவர் கைக்கு நன்கு பழகிய இயந்திரங்களே ஓடிக்கொண்டிருக்கின்றன. “தம்பி, அந்த லேத்து ஓடுகிற ஓசையைக் கேட்டே எங்கே பிசகு என்று சொல்லிவிடுவேன். ஆனால் என்னை யாரும் கேட்பதில்லை” என்று ஒரு நாள் சொன்னார். சினந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அச்சிரிப்பே நம்மை இன்று பேச வைத்தது.

படைவீரர் ஊர் திரும்பிய பின்னர் தாம் மறக்கப்பட்டதாக எண்ணுவது ஏன்? அவர்களுக்கென்று அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா? அன்றி, செய்வது அவர்களைச் சென்று சேரவில்லையா? இதனைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். ஏனைய உத்தியோகஸ்தர் அறுபதாம் வயதில் ஓய்வு பெறுகின்றனர். சிப்பாயோ பெரும்பாலும் நாற்பதை ஒட்டியே வெளியேறிவிடுகிறார். 15 ஆண்டுகள் பணி நிறைந்தால்தான் அவருக்கு முறையான ஓய்வூதியம் உண்டு. வெளியேறும்போது மகள் பள்ளியில் இருப்பாள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். பெற்றோர் முதுமை எய்தியிருப்பர். செலவு ஏறும் வயதில் வரவு இறங்குகின்றது. ஆதலின் அவருக்கு ஓய்வு என்பது பெயரளவில்தான். உண்மையில் அது இரண்டாம் பிழைப்பின் தொடக்கமேயாகும்.

இந்த உண்மையை உலகம் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1919-இல், வீரர் நலனுக்கென இந்தியாவில் ஒரு வாரியம் நிறுவப்பட்டது. இன்று கேந்திரிய சைனிக வாரியம் என வழங்குவது அதன் வழித்தோன்றலே. இரண்டாம் போரில் இந்தியர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் படையிற் பணி செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒருசேர வீடு திரும்பியபோது வேலைக்கு எங்கே போவது? அதற்காகவே 1945-ஆம் ஆண்டு ஜூலையில் மறுவாழ்வுக்கும் வேலைவாய்ப்புக்குமான இயக்ககம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. நாடெங்கும் நாம் காணும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அந்த விதையிலிருந்து முளைத்தவையே. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்காக ஏற்பட்ட கதவு, பின்னர் நம் அனைவருக்கும் திறந்தது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாளாகக் கொண்டாடப்பெற்று, வீரர் நலனுக்கு நிதி திரட்டப்படுகின்றது.

செல்வம் மிக்க நாடுகளிலும் இக்குறை தலைகாட்டாமல் இல்லை. முதற்போரில் பணிசெய்த அமெரிக்க வீரருக்கு 1924-இல் ஒரு சட்டம் ஊக்கத்தொகை வழங்கிற்று. ஆனால் அது கைக்கு வரும் நாள் 1945 என்று குறித்தது. நடுவே பெரும் பொருளாதார மந்தம் வந்தது. 1932-இல் பல்லாயிரம் வீரர் குடும்பத்தோடு வாஷிங்டன் நகரில் கூடி, அத்தொகையை உடனே தருமாறு வேண்டினர். ஜூலை 28-ஆம் நாள், அவர்கள் ஒருகாலத்தில் பணி செய்த அதே ராணுவமே அவர்களைக் கலைத்து விரட்டியது. பின்னர் 1936-இல் பணம் வழங்க வகை செய்யப்பட்டது. 1944-இல், அடுத்த போர் முடியுமுன்பே, திரும்பி வரும் வீரருக்குக் கல்வியும் வீட்டுக் கடனும் அளிக்கும் சட்டத்தை அந்நாடு இயற்றிக்கொண்டது.

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. ஒரே பதவியில் ஒரே கால அளவு பணியாற்றியவருக்கு, எந்த ஆண்டு ஓய்வு பெற்றாலும் ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்று முன்னாள் வீரர் பல ஆண்டுகள் கேட்டனர். 2015-இல் தில்லி ஜந்தர் மந்தரில் முதியவர்கள் பதக்கம் அணிந்து அமர்ந்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஆணை பிறந்தது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. நிலுவைத் தொகையை விரைவில் தீர்க்க உச்ச நீதிமன்றமே 2023-இல் காலவரையறை விதிக்க நேர்ந்தது. கிடைத்தது, ஆயினும் காத்திருந்தே கிடைத்தது. காத்திருப்போருள் முதுமை எய்தியவர் பலர் என்பதை மறத்தலாகாது.

இவையன்றி, 2003 ஏப்ரல் முதல் முன்னாள் வீரர்க்கும் குடும்பத்தார்க்கும் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெறுகின்றது. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு பணி செய்தவரை, பட்டதாரி வேண்டும் என்னும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் தகுதியுடையவராகக் கருதும் விதியும் உண்டு. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த வறியவருக்கு வாரியம் அளித்துவந்த மாத உதவி, 2025 நவம்பர் முதல் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது.

இத்தனையும் இருக்க, வாயிலில் நிற்கும் அந்த நண்பர் ஏன் மறக்கப்பட்டதாக உணர்கின்றார்? நாம் கண்ட அளவில் காரணங்கள் மூன்று.

முதலாவது, கேட்டால்தான் கிடைக்கும் என்னும் ஏற்பாடு. பட்டாளத்தில் சிப்பாய் எதையும் கேட்டுப் பழகியவரல்லர். உணவு, உடை, விடுமுறைச் சீட்டு எல்லாம் வேளை தவறாமல் வந்து சேரும். அவருடைய காகிதங்களை எழுத்தர் ஒருவர் பார்த்துக்கொள்வார். வெளியே வந்த மறுநாளே, எந்த அலுவலகம், எந்த மேசை, எந்தப் படிவம் என்று தாமே தேடவேண்டியவராகிறார். கேட்பதை இரப்பதாக எண்ணி ஒதுங்குவோரும் உளர். மானம் பெரிதென்று கற்பித்த பயிற்சியே இங்கே தடையாக நிற்கின்றது.

இரண்டாவது, பெயர். இது நம் தமிழர்க்கே உரிய இடர். நாம் தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைக்கின்றோம். படையின் பதிவேட்டில் அவ்வெழுத்து விரிந்து, சில வேளை பின்னால் போய் நிற்கும். மனைவியின் பெயர் திருமணத்தின்போது எழுதப்பட்டது ஒருவிதம். ஆதார் அட்டையில் வேறொருவிதம். பிறந்த தேதியோ ஊகித்து எழுதியது. வீரர் உயிரோடிருக்கும் வரை இது பெரிதாகத் தெரிவதில்லை. அவர் மறைந்த பின், குடும்ப ஓய்வூதியம் கேட்டு விதவையார் விண்ணப்பிக்கும்போதுதான், “நீங்கள் வேறு, இதில் உள்ளவர் வேறு” என்னும் விடை வருகின்றது. பீன்யாவை அடுத்த ஒரு குடியிருப்பில், வெலிங்டன் பதிவகத்தைச் சேர்ந்த வீரர் ஒருவரின் மனைவியார், ஓர் எழுத்து வேறுபாட்டுக்காகப் பதினான்கு மாதம் அலைந்ததை நாம் அறிவோம். அந்தப் பதினான்கு மாதமும் அவர் ஆடைத் தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டி வயிறு கழுவினார்.

மூன்றாவது, இரு மாநிலங்களுக்கிடையே நிற்கும் நிலை. மாநில அரசுகள் அளிக்கும் உதவிகள் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்க்கே உரியவை. நம் வீரரின் பதிவு பிறந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கும், வாழ்வதோ கர்நாடகத்தில். இங்கே கேட்டால் ‘உங்கள் ஊரில் கேளுங்கள்’ என்பர். ஊருக்குப் போனால் ‘நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே’ என்பர். ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் என்பது இதுதான். மும்பையிலும் தில்லியிலும் ஐதராபாத்திலும் வாழும் நேயர்களும் இதனை அறிந்திருப்பீர்கள்.

சிலர் இங்கே ஒரு வினா எழுப்பக்கூடும்: ஓய்வூதியமும் பெற்று, வேறு சம்பளமும் பெறுகிறவருக்கு என்ன குறை? தினக்கூலி பெறும் தொழிலாளிக்கு இவையெல்லாம் உண்டா? நியாயமான வினாவே. ஏழைத் தொழிலாளியின் குறை பொய்யன்று. அதுவும் தீர வேண்டியதே. ஆயினும் ஒருவர் தம் இளமை முழுவதையும் நாட்டிடம் ஒப்படைத்து, ஒரு வாக்கைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார். அந்த வாக்கை நிறைவேற்றுவது தருமம் செய்வதாகாது; கடன் தீர்ப்பதேயாகும். அன்றியும், பதினேழு ஆண்டு பயின்ற கைத்திறனை வாயிலில் நிறுத்தி வைப்பதால் இழப்பு அவருக்கு மட்டுமா? தேர்ந்த பொருத்துநர் கிடைக்கவில்லை என்று ஏங்கும் அதே தொழிற்கூடத்துக்கும் அல்லவா?

இனி நாம் செய்யக்கூடியவை யாவை? பெரிய திட்டங்களை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். நம் கைக்கு எட்டியவற்றைச் சொல்வோம்.

வீரராயிருந்து ஓய்வு பெற்ற நேயர்கள், இந்த வாரமே தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், ஓய்வூதியக் கொடுப்பாணையையும், மனைவியின் ஆதார் அட்டையையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வேறுபாடு இருப்பின், தாம் இருக்கும்போதே தம் படைப் பதிவகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ்ச் சான்றினைத் தவறவிடலாகாது. இக்காகிதங்கள் எங்கே உள்ளன என்பதை மனைவிமார் அறிந்திருக்கவேண்டும். இடம் பெயர்ந்தவர்கள், பதிவை வாழும் மாவட்டத்துச் சைனிக நல அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழியைக் கேட்டறிவது நலம்.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகின்றன, நன்று. ஆண்டில் இரு ஞாயிற்றுக்கிழமை, படிவம் எழுதத் தெரிந்த இளைஞர் நால்வரை அமர்த்தி, முன்னாள் வீரரையும் விதவையரையும் அழைத்தால் அதுவும் ஒரு விழாவே. அம்மேசையருகே கன்னடம் நன்கறிந்த ஒருவர் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

தொழிற்கூட உரிமையாளர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாயிற்காவலரிடம் அவர் பட்டாளத்தில் என்ன தொழில் செய்தார் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

இது நாளைய தேவையுமாகும். 2022-இல் அறிவிக்கப்பெற்ற அக்னிபத் திட்டத்தின்படிச் சேரும் இளைஞர் நான்கே ஆண்டு பணியாற்றுவர். நூற்றுக்கு 25 பேர் வரையே படையில் நிலைப்பர். ஏனையோர் ஒரு தொகையோடு, ஓய்வூதியமின்றித் திரும்புவர். இருபத்தைந்து வயதையொட்டி அவர்கள் வேலை தேடி வருவது இத்தகைய பீன்யாக்களுக்கே. நாற்பது வயதுத் தம்பியை வாயிலில் நிறுத்திய நாம், இருபத்தைந்து வயதுத் தம்பியையும் அங்கேயே நிறுத்தப்போகின்றோமா?

சென்ற வாரம் நம் நண்பரைக் கண்டபோது, அவர் மகள் பட்டயப் படிப்பில் இயந்திரப் பொறியியல் பயில்வதாகச் சொன்னார். மாலையில் அவளுக்குப் பாடம் சொல்லித் தருபவர் அவரே. அவர் அறிவு வீணாகவில்லை என்பது நமக்கு ஆறுதல் தருகின்றது. ஆயினும் அதனைப் பயன்படுத்தும் பொறுப்பை அவர் மகளுக்கு மட்டும் விட்டுவிடலாமா என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.